நாற்காலி இல்லாத வீடு

என்னை எடை போட முடியாது என்று ஒரு தராசு கைவிரித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மறைக்க இதில் ஒன்றுமில்லை. அதற்குப் பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் அன்றைக்கே பட்டு முடித்தாகிவிட்டது.

எனக்குச் சேந்தமங்கலத்தில் மிளகு, காப்பிக்கொட்டை வியாபாரம். அத்தா காலத்திலிருந்து கொல்லிமலைச் சரக்குதான். வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை குட்டியானை வண்டியில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போவேன். வாழவந்தி நாட்டில் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்தபடியே வியாபாரம் பண்ணுவேன். மலைக்காரர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வருவார்கள். டிரைவர் தராசில் வைத்து எடையைச் சத்தமாகச் சொல்லுவார். நான் ஜன்னல் வழியாகவே விலை பேசி முடிப்பேன். கீழே இறங்குவதே இல்லை. இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே.

அப்போது நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. சும்மா வந்த உடம்பில்லை, பாடுபட்டுச் சேர்த்தது. காலையில் வீட்டில் ஆறு இட்லி. அடிவாரத்தில் வண்டி சூடு தணிய நிற்கும்போது நாலு பரோட்டா. செம்மேட்டில் டீ, கூடவே இரண்டு போண்டா. சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லுவேன். ராத்திரி பிரியாணி இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். முழங்கால் இரண்டும் என்னிடம் கோபித்துக்கொண்டு ஐந்து வருடமாகியிருந்தது. பள்ளிவாசலில் கடைசி வரிசை ஓரத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தொழுகையில் எல்லோரும் நெற்றியைத் தரையில் வைக்கும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுவேன்.

அந்த வருடம் என் மனைவி மறுபடியும் உம்ரா பேச்சை எடுத்தாள். ஹஜ்ஜுக்கான நாட்கள் இல்லாத மற்ற நாட்களில் மக்காவுக்குப் போய் வருவதுதான் உம்ரா. கஅபாவை ஏழு சுற்று சுற்ற வேண்டும். பிறகு ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏழு தடவை நடக்க வேண்டும். இருபது வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாற்காலி வண்டி வாடகைக்குக் கிடைக்குமாம். தள்ளிக்கிட்டே சுத்தலாமாம்" என்றேன்.

"தள்றதுக்கு ஆள் வேணும்னா வேற யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் உங்க பக்கத்துல நடக்கணும்னுதான் இத்தனை வருசம் காத்துக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டிருப்பேன். டாக்டர் வேறு, எடையைக் குறைத்துவிட்டு வா, அப்புறம் முழங்காலைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த நிலைமையில்தான் ஒரு தை மாதம், புதிதாக ஒரு வீட்டில் சரக்கு கேட்கப் போன டிரைவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"பாய், பள்ளத்து ஊட்டு அம்மா சரக்கு தர மாட்டேங்குது. அவங்க களத்துல, அவங்க கண்ணு முன்னால எடை போட்டாத்தான் தருவாங்களாம். யாவாரி நேர்ல வரணுமாம்."

பள்ளத்து ஊடு என்பது ரோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம். அதுவரை அந்த வீட்டுச் சரக்கைச் சோளக்காட்டுச் சந்தை வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். மலையில் அந்த மிளகுக்கு ஒரு பேர் உண்டு. ஒரு காம்பு, ஒரு பொக்கு இருக்காது. விட மனசில்லை. சரி, என்ன பெரிய பள்ளம் என்று, டிரைவரிடம் தராசைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினேன். அரை மணி நேரப் பாதை எனக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. ஒவ்வொரு பலாமரத்தடியிலும் நின்றேன். அந்தப் பாதையில் எத்தனை பலாமரம் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

களத்தில் ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை, எதையோ கேட்டுச் சிரிக்கத் தயாராக இருக்கிற மாதிரி ஒரு வாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"குட்டியானைல யாரோ பெரிய யானை வருதுன்னு ஊர்ல சொன்னாங்க. நெசந்தான் போல. உக்காருங்க பாய்."

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று முழுதாகச் சொல்ல முடியாது. பின்னங்கால் ஒன்று பட்டென்று பிளந்து, நான் மல்லாக்கக் களத்தில் கிடந்தேன். டிரைவரும் அந்த அம்மாவின் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். எழுந்து நிற்க வைப்பதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. உடைந்த காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊட்டுல இருந்ததே இது ஒண்ணுதான். அதுவும் போச்சுங்க. இனி இங்க வந்தா தரையிலதான் உக்காரணும். நாற்காலி இல்லீங்க" என்றார்.

வேறு நாற்காலி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்ததாக மிளகை எடை போட்டோம். எங்கள் தொழிலில் கழிவு என்று ஒன்று உண்டு. ஈரம், தூசி, காம்பு என்று காரணம் சொல்லி மூட்டைக்கு ஒரு கிலோவைக் கழித்துக்கொண்டுதான் எடையைச் சொல்லுவோம். சுத்தமான சரக்கானாலும் கழிப்போம். வழக்கம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எல்லா வியாபாரிக்கும் சௌகரியம். நானும் வாய் கூசாமல், "ஒரு கிலோ கழிவு" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"என்ர மொளகுல கழிக்க என்ன இருக்குதுங்க? கையில அள்ளிப் பாருங்க. கழிக்கறதுன்னா யார்கிட்டக் கழிக்கணும்னு தராசையே கேட்டுப்போடலாம். கொஞ்சம் அது மேல ஏறி நில்லுங்க பாய்."

டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வீராப்பாக ஏறி நின்றேன். அந்தத் தராசு நூறு கிலோ வரைக்கும்தான் காட்டும் என்பது எனக்கு நினைவில்லை. எண்ணுக்குப் பதிலாக வரிசையாகக் கோடு கோடாக வந்தது.

"எந்திரமே நம்மால ஆகாதுங்குது" என்றார். அப்புறம்தான் சிரித்தார். "ஒரு பேச்சு வெச்சுக்கலாமுங்க. இந்தத் தராசு என்னைக்கு உங்க எடையைக் காட்டுதோ, அன்னைக்கு என்ர மூட்டைல ஒரு கிலோ கழிச்சுக்குங்க. அது வரைக்கும் ஒரு மொளகு கழிக்கப்படாது."

எனக்குக் கோபம் வந்தது. என் கடையில் என்னைக் கண்டு எழுந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேடு ஏறிப் போவதற்கும் யாராவது கை கொடுக்க வேண்டிய நிலையில் கோபப்பட்டு என்ன பிரயோஜனம். சரி என்றேன்.

முதலில் அந்த அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மூன்றாவது தடவையிலேயே அக்கா என்று வாய் பழகிவிட்டது. அக்காவிடம் ஆறு மூட்டை மிளகு இருந்தது. அதை ஒரே நாளில் எனக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வாரத்துக்கு அரை மூட்டை. ஏன் என்று கேட்டால், "மொத்தமாக் குடுத்துட்டா நீங்க அடுத்த தைக்குத்தான் வருவீங்க" என்பார். மிளகு தீர்ந்ததும் காப்பிக்கொட்டை. அது தீர்ந்ததும் சாமை. சாமை தீர்ந்ததும் ஒரு படி அவரை. ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தராசையும் எடுத்துக்கொண்டு டிரைவரோடு பள்ளம் இறங்கிப் போய், "என்னக்கா சரக்கு?" என்று நின்றேன். ஒரு கட்டுக் கீரையைக் கையில் கொடுத்தார். டிரைவர் அதைத் தராசில் வைத்து எடை போட்டார். இருநூறு கிராம் சொச்சம். அந்த இருநூறு கிராமுக்கு நான் பள்ளம் இறங்கி, மேடு ஏறி, வியர்வையில் குளித்து வீடு வந்தேன். மனைவி கீரையை வாங்கிக் கடைந்து வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பகலில் போவதால் அங்கேயே சாப்பாடு. வேண்டாம் என்றால் அக்காவின் முகம் மாறிவிடும். "எங்க ஊட்டுல கோழி அடிச்சாலும் உங்களுக்கு ஆகாது. அதனால கீரைதான், பயப்படாமச் சாப்பிடுங்க" என்பார். முதலில் ஒரு கரண்டிக் கீரை. அது முடிந்தால் அவரை. அதுவும் முடிந்த பிறகுதான் சாமைச் சோறு, அதுவும் ஒரே ஒரு அகப்பை. அந்த நேரம் வயிற்றில் பாதி இடம் நிரம்பியிருக்கும். இன்னொரு அகப்பை கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்.

"போடறேன். மொதல்ல கையை ஊணாம ஒருக்கா எந்திரிச்சு உக்காருங்க. முடிஞ்சா வயித்துல எடம் இருக்குதுன்னு அர்த்தம்."

கையை ஊன்றாமல் நான் எங்கே எழுவது. ஊன்றியே டிரைவர் தோளைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது அகப்பை எனக்குக் கிடைக்கவே இல்லை.

பிரியாணியை விடு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். என்னை மெலிய வைக்கிறேன் என்று புறப்பட்ட எத்தனையோ பேர் அதற்கு முன்னால் இருந்தார்கள். மைத்துனன் ஒரு பொடி கொண்டுவந்தான். கடைக்கு வரும் ஒருவர் வெந்நீரில் எதையோ கலக்கச் சொன்னார். எல்லோரும் விட வேண்டியவற்றைத்தான் பட்டியல் போட்டார்கள். அக்கா கேட்டது வேறு. "பிரியாணி தின்னா என்னுங்க, தின்னுட்டு எந்திரிச்சு எங்க போனீங்க?" என்பார். கட்டிலுக்குப் போனேன் என்பேன். "அதுதாங்க வெனை" என்பார். செம்மேட்டில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு குடித்தால் முழங்கால் வலி போகும் என்று டவுன்காரர்கள் வரிசையில் நிற்பதைச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. "சூப்புக்கடை வரைக்கும் காரு போகுதில்லீங்க? காரைப் பள்ளத்துக்கு மேலயே நிறுத்திப்போட்டுக் கீழ வரச் சொல்லுங்க, நான் சும்மாவே காச்சித் தாரேன்."

நான் கிளம்பும்போது முதல் பலாமரம் வரை கூட வருவார். அது களத்திலிருந்து முப்பது அடி தூரம் இருக்கும். அதற்கு மேல் ஒரு எட்டு வைக்க மாட்டார். "இதுக்கு மேல உங்க பாடு" என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அரிசிக்கோ கோயிலுக்கோ கூட அவர் ரோட்டுக்கு ஏறி நான் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடித்ததும், "நீங்க மொதல்ல எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவுங்க" என்பார். நான் கழுவிவிட்டுத் திரும்பும்போது அவர் தூணோரம் நின்றுகொண்டிருப்பார். பள்ளத்து ஊட்டுக்காரிக்குக் கொஞ்சம் கர்வம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கர்வம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

பத்து மாதத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ இறங்கினேன். அதைப் பார்த்துத்தான் மனைவி வீட்டிலும் வாரம் மூன்று நாள் சாமை சமைத்தாள். ஒன்றேகால் மணி நேரப் பாதை முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் நோன்பு வந்தது. பகலெல்லாம் பட்டினி கிடந்தால் இளைக்கும் என்று கணக்குப் போட்டேன். நோன்பு திறக்கிற நேரத்துச் சமோசாவும் வடையும் என் கணக்கைக் கேட்கவில்லை. பெருநாள் முடிந்த கையோடு சொந்தத்தில் இரண்டு கல்யாணம். ஐந்து கிலோ திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கம். மூன்று வாரம் டிரைவரை மட்டும் அனுப்பினேன். அக்கா வெறும் வண்டியையே திருப்பி அனுப்பினார்.

நான்காவது வாரம் டிரைவர் செய்தி கொண்டுவந்தார். "களத்துல மொளகு பூஞ்சை பிடிக்குதாம் பாய். உடனே வரச் சொல்லிச்சு."

அந்த மிளகு பூஞ்சை பிடிப்பதா என்று பதறிப்போய் இறங்கினேன். மிளகு களத்தில் கருகருவென்று காய்ந்துகொண்டிருந்தது. அக்கா ஓரத்தில் தரையில் உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க பூஞ்சை?" என்றேன்.

"உங்க மேலதாங்க. மூணு வாரமா அசையாம இருந்தா பிடிக்காதா?"

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். மனைவி கேட்டது, நான் நாற்காலி வண்டி என்றது, அவள் அதற்கப்புறம் வாய் திறக்காதது, எல்லாம். அதுவரை அவருக்கு உம்ரா விஷயமே தெரியாது.

"என்னால முடியாதுக்கா. நாற்காலியிலயே போயிட்டு வந்துடறேன். அவ கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"மொளகு காயப் போட்டிருக்கறப்ப மழ வந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அள்ளி ஊட்டுக்குள்ள கொட்டுவேன். வெயில் வந்ததும் மறுக்காவும் கொண்டாந்து காயப் போடுவேன். நனைஞ்சு போச்சேன்னு பள்ளத்துலயா கொட்டுவேன்? ஒரு மாசம் மழ பேஞ்சுதுன்னு நெனைங்க சாமி. இன்னைக்கு வெயில் அடிக்குது. எந்திரிங்க."

அதுவரை நான் பாயாகத்தான் இருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, சாமி என்றார். நான் கையை ஊன்றித்தான் எழுந்தேன், ஆனால் யாருடைய தோளையும் பிடிக்கவில்லை.

அதன் பிறகு வாரம் இரண்டு நாள் போனேன். செவ்வாய்க்கிழமை வியாபாரத்துக்கு, சனிக்கிழமை வெறுமனே. சனிக்கிழமைகளில் தராசுகூடக் கிடையாது. மாசி மாதத்தில் ஒரு மதியம் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அங்கே நாற்காலி இல்லாததால் நான் பாயை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்து குனிந்துதான் தொழுவது வழக்கம். அன்றைக்கு என்னவோ முழங்காலை மடக்கிப் பார்க்கத் தோன்றியது. மடங்கியது. வலித்தது, ஆனாலும் மடங்கியது. அப்படியே குனிந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு என் நெற்றி தரையில் பட்டது. எழுந்திருக்க மனசு வரவில்லை. அழுதேன்.

தொழுது முடித்துத் திரும்பினால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெத்தியில ஒரு மொளகு ஒட்டியிருக்குதுங்க. அதையும் எடை போட்டுருங்க" என்றார்.

அடுத்த தை வந்தது. அறுவடை மிளகை எடை போடுகிற நாளில் அக்கா தராசைக் கண்ணால் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கோடு வரவில்லை. தொண்ணூற்று ஒன்பது, புள்ளி, நாலு. டிரைவர் மூட்டை எடையைச் சொல்லுகிற அதே சத்தத்தில் பள்ளத்துக்கே கேட்கும்படி அதைச் சொன்னார்.

"இப்பத்தான் எந்திரம் உங்களை ஒத்துக்குது" என்ற அக்கா, மூட்டையிலிருந்து தன் கையாலேயே ஒரு கிலோ மிளகை அள்ளித் தனியாகக் கட்டினார். நான் வேண்டாம், இந்தச் சரக்கில் கழிக்க ஒன்றுமில்லை என்றேன். பேச்சு என்றால் பேச்சு என்று என் மடியில் வைத்தார். அந்த ஒரு கிலோவை நான் விற்கவில்லை. வீட்டில் ரசத்துக்கும் சால்னாவுக்கும் ஒரு வருடம் வந்தது. அதோடு எந்த மூட்டைக்கும் சும்மா கழிவு சொல்லும் பழக்கத்தையும் விட்டேன். மண்டியில் மற்ற வியாபாரிகள் எனக்குப் பைத்தியம் என்றார்கள்.

அந்த வருடமே உம்ராவுக்குப் போனோம். ஏழு சுற்றும் என் காலால் சுற்றினேன். ஸஃபாவிலிருந்து மர்வாவுக்கு நடக்கும்போது நாற்காலி வண்டிகள் ஒரு பக்கமாகத் தனி வழியில் போய்க்கொண்டிருந்தன. மனைவி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடத்துப் பாக்கியை அந்தக் கைப்பிடியிலேயே தீர்த்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கஅபாவுக்கு முன்னால் நின்று எல்லோருக்காகவும் கேட்டேன். பிள்ளைகளுக்கு, கடைக்கு, டிரைவர் வீட்டுக்கு. அக்காவுக்காகக் கையேந்தியபோதுதான் எனக்கு அவர் பெயரே தெரியாது என்பது உறைத்தது. இத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், பெயர் கேட்கவில்லை. ஊர் முழுக்க அவர் பள்ளத்து ஊட்டம்மா, எனக்கு அக்கா. படைத்தவனுக்குத் தெரியாதா என்று, அந்த மிளகுக்கார அக்காவுக்கு என்று சொல்லியே கேட்டேன். நல்ல மழை கேட்டேன். மிளகுக்கு விலை கேட்டேன். அவர் மகனுக்குப் பிள்ளை பிறக்கக் கேட்டேன். மறக்காமல் நிறையக் கேட்டேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பேரீச்சம்பழமும் மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். அது செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை. வியாழக்கிழமை. பள்ளத்தில் இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். இந்த வேகத்தை அக்கா பார்க்க வேண்டுமே என்ற பரபரப்பு.

களத்தில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சிவப்பு நாற்காலி. பிளந்த பின்னங்காலுக்கு மூங்கில் பட்டை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அக்காவின் இரண்டு காலும் எதிரே ஒரு மூட்டை மேல் நீட்டிக் கிடந்தன. முழங்கால்கள் வீங்கி எண்ணெயில் பளபளத்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி முயன்றார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"சொல்லாமக் கொள்ளாம வந்தா இப்பிடித்தான் மாட்டிக்குவேன்" என்றார். திருட்டில் பிடிபட்டவர் மாதிரி சிரித்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடி இருந்தே இப்பிடித்தானுங்க. சின்ன வயசுல இருந்து மொளகும் காப்பியும் பலாப்பழமும் இந்த மேட்டுல தலையில வெச்சு ஏத்துனதுதான். தேஞ்சு போச்சுன்னு ஆசுபத்திரில சொல்லிப்போட்டாங்க. நான் ரோட்டப் பாத்து அஞ்சு வருசமாச்சு."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. களத்தில்தான் எடை போட வேண்டும் என்றது, பலாமரத்துக்கு மேல் வராதது, என்னை முதலில் எழுப்பிவிட்டுத் தூணோரம் நின்றது. முழங்கால் வலிக்காரியின் ஒரே நாற்காலியை உடைத்துவிட்டு நான் இரண்டு வருடமாக அவருக்கு எதிரில் சம்மணம் போடப் பழகியிருக்கிறேன்.

"அப்ப நாற்காலி?"

"அடுத்த நாளே மகன் கட்டிக் குடுத்துட்டான். நீங்க வார நாள்ல மேல வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ள கொண்டு போய்க் குதிருக்குப் பின்னால வெப்பான்."

"ஏன்க்கா? நீங்க உக்காந்துக்க வேண்டியதுதானே. நான் கீழ உக்காந்திருப்பேனே."

"நான் நாற்காலில உக்காந்துக்கிட்டு உங்களைத் தரையில உக்காருன்னா நீங்க உக்காருவீங்களா? நாளைக்கே நீங்க ஒரு நாற்காலியோட வந்து எறங்குவீங்க." முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டே சொன்னார். "என்ர மூட்டையெல்லாம் எறக்கி வெச்சு நெம்ப நாளாச்சுங்க. எறக்கி வெச்சப்புறமும் வலி போகலை. உங்க மூட்டைய எறக்குனா வலி போகும்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் சும்மா இருக்க முடியுங்களா சாமி?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். அங்கே அவருக்காகக் கேட்டதையெல்லாம் சொன்னேன். மழை, விலை, பேரப்பிள்ளை.

"காலைக் கேக்கலைக்கா. இந்த ஒண்ணு மட்டும் உங்களுக்குத் தேவையில்லைன்னு நெனைச்சுட்டேன்."

"அது கெடக்குது உடுங்க. வெலை கேட்டீங்கல்ல, அது போதும். ஏறியிருக்குதாமே, நீங்க எவ்வளவு தரப் போறீங்க?"

அன்றைக்கு அவர் பெயரைக் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. என் எடையையும் முழங்காலையும் ஊரறியப் பேசிவிட்டேன். அந்தப் பெயரையாவது எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் இருந்தவரை ஒரு நாளும் அவரைத் தரையில் உட்கார விடவில்லை. அவர் நாற்காலியில், நான் கீழே. மூட்டையில் பாதியை டிரைவர் தூக்குவார், பாதியை என் தோளில் வைத்து மேட்டில் ஏற்றுவேன். பலாமரத்தடிகளில் நிற்கிறேனா என்று அவர் கீழிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. பள்ளிவாசலில் என் பழைய நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்காருகிறார், நான் முதல் வரிசையில் நிற்கிறேன். ஐந்து வேளையும் நெற்றி தரையில் படும்போது என் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. இன்னமும் அவருக்குக் கால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.